கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று

அருப்புக்கோட்டை வழியே தூத்துக்குடிக்குப் போகும் சாலையைத் திருச்சுழிப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அச்சாலை முடியும் ஊரில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை நடந்து வந்தது. காற்றும் தண்ணீரும் ஏன் கெட்டன என்று மக்கள் கேட்டனர். ஆலைத் தரப்போ நாட்டுக்குத் தாமிரம், பலருக்கு வேலை, அரசுக்கு வரி என்றது. அவை மெய்யாகவே இருக்கட்டும். கேட்டதற்கு அது பதிலாகுமா?

2013இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியதற்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அந்த நன்மைகளையும் எடைபோட்டு ஆலையை நடக்க விட்டது. 2018 மே மாதத்தில், போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் மாண்டனர். அதன் பிறகு அரசு ஆலையை மூடியது. திறக்கக் கோரிய மனு 2024இல் தள்ளுபடியாயிற்று.

கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கையில், தான் செய்யும் ஸதகாவை எண்ணிக் காட்டுபவனை மார்க்கம் ஏற்பதில்லை. ஸதகா நஃபில்; கடனோ ஹக்குல் இபாத். உரியவரிடம் சேர வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும்.

ஆலைக்காரரைச் சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது. நம் வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றில், வக்ஃபு நிலத்தின் குத்தகைக் கணக்கை ஒரு பெரியவர் கேட்டார். "மினாரா கட்டியது யார்?" என்று நிர்வாகத்தார் திருப்பிக் கேட்டனர். ஜமாஅத்தார் தலையாட்டினர், ஆலிம் என்று முன் வரிசையில் அமர்ந்திருந்த நாமும் வாய் திறக்கவில்லை. பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கணக்கு இன்னும் வரவில்லை.