நீலப் பொத்தானுக்கு முன்னால்

விண்டோஸ் 95-இல் ஒரு வரவேற்புப் பெட்டி இருந்தது. கணினியைத் திறந்ததும் உபயோகமான துணுக்கு ஒன்றைச் சொல்லும். கீழே ஒரு சின்னக் கட்டம். அதிலிருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் மறுபடி வராது. அத்தோடு சரி.

இன்று புதுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பவனை விண்டோஸ் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா, தொலைந்தால் தேடித் தரட்டுமா, தட்டச்சு செய்வதை அனுப்பலாமா, விளம்பரத்துக்கு ஓர் அடையாள எண் வைத்துக்கொள்ளலாமா என்று வரிசையாகக் கேட்கும். பெரும்பாலும் 'சரி' என்ற பதிலை அதுவே போட்டு வைத்திருக்கும். எல்லாம் முடிந்து வேலையைத் தொடங்கிய பிறகும் ஒருநாள் திரை முழுக்க எழுந்து, அமைப்பை இன்னும் முடிக்கவில்லையே என்று நிற்கும். தள்ளிவிடப் பார்த்தால், மூன்று நாளில் நினைவூட்டுகிறேன் என்ற பொத்தான்தான் கிடைக்கும். கடன்காரன்கூட ஒரு வாரம் தவணை தருவான்.

எங்கள் ஊரான கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில், சுற்றிக் காட்டட்டுமா என்று திரையோரத்தில் கேட்டுக்கொண்டு விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அப்பாக்கள் பூமிக்குள் இறங்கிய அந்த ஊரிலிருந்து பிள்ளைகள் நாங்கள் பெங்களூருக்கு ரயிலேறுகிறோம். அப்படிப் போகிறவர்களில் கணினி அமைத்துக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான்.

பெரிய அலுவலகங்களில் இந்தத் தொல்லை இல்லை. கணினிகளை நிர்வகிப்பவர் ஓரிடத்தில் கொள்கையை மாற்றினால் எல்லா இயந்திரங்களும் வாயை மூடிக்கொள்ளும். விளம்பரப் பரிந்துரைகளை மொத்தமாக நிறுத்தும் கொள்கை எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் வேலை செய்கிறது. ஹோம் பதிப்புக்காரர் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ், அதன் அடிக்கோடியில் இருக்கும் டிக்குகளைத் தானே தேடி எடுக்க வேண்டும். அமைதிக்கும் பதிப்பு வாரியாக விலை வைத்திருக்கிறார்கள்.

தேடத் தெரிந்தவனுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். தெரியாதவருக்கு? சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் ட்யூஷன் நடக்கிறது என்று வையுங்கள். இருப்பது ஒரே லேப்டாப், பிள்ளைகள் பலர். ஒவ்வொரு பெயருக்கும் புதுக் கணக்கு திறக்கும்போது வரவேற்பு முதலிலிருந்து தொடங்கும். ஒரு கணினிக்கு ஒரு முதலாளி, அவருக்கு ஒரு மின்னஞ்சல் என்றுதான் அதற்குத் தெரியும். எட்டாவது படிக்கும் பெண் திரை நிறைந்த கேள்வியைப் பார்த்து, தான் எதையோ கெடுத்துவிட்டதாகப் பயந்து, பளிச்சென்று தெரியும் நீலப் பொத்தானை அழுத்துகிறாள். நீலம் பெரும்பாலும் 'சரி'தான். மறுக்கத் தெரிந்தவர்களை இந்த வரவேற்பு கணக்கில் வைக்கவில்லை. மறுக்கத் தெரியாதவர்களை நம்பியே நிற்கிறது.

எங்கள் ஊரில் சுரங்கச் சங்கும் யாரையும் கேட்காமல்தான் ஊதியது. ஆனால் அது ஷிப்டுக்குப் போகிறவனுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். கேட்பவனுக்காக எழும் குரலையும் அழைப்பவனுக்காக எழும் குரலையும் பிரித்தறியச் சத்தத்தின் அளவு உதவாது.

அதனால் ஒட்டுமொத்தமாக வாயை அடைத்துவிட்டால் போதும் என்று அமைப்பவனுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது, நாளுக்குப் பல கணினிகள் பார்ப்பவனுக்கு அதுதான் வேகம். ஆனால் அதே வரிசையின் தொடக்கத்தில்தான் நாடு எது, கீபோர்டு எது, இன்னொரு கீபோர்டும் வேண்டுமா என்ற கேள்விகளும் வருகின்றன. பார்வை இல்லாதவர் திரையைக் காதால் கேட்டுக்கொண்டே அமைக்க நரேட்டரையும் அங்கேயே எழுப்பலாம். எல்லாவற்றையும் தாண்டிப் போகிற நான் ஆங்கிலத்தை மட்டும் வைத்துவிட்டு எழுந்தால், வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமுமாக இருக்கும் பிள்ளைக்கு அவளைக் கேட்காமலே பதில் சொல்லியாயிற்று. நிறுவனம் போட்டு வைத்த 'சரி'யை அழித்த இடத்தில் என்னுடைய 'வேண்டாம்' உட்கார்ந்துகொள்கிறது. அவளுக்கு இரண்டுமே வேறு யாரோ சொன்னதுதான்.

விளம்பரத்தையும் பரிந்துரையையும் இப்போதும் இரக்கமில்லாமல் அணைக்கிறேன். கீபோர்டுக் கேள்வி வரும்போது மட்டும் எழுந்து, பயன்படுத்தப்போகிறவரை நாற்காலியில் உட்காரச் சொல்கிறேன். சிலர் தமிழ் என்கிறார்கள், சிலர் கன்னடம். எது வசதியோ அதைப் போடுங்கள் அண்ணா என்று என்னையே பார்ப்பவர்களும் உண்டு. அவர்களிடம்தான் அதிக நேரம் ஆகிறது.