கல்லூரிக்குக் கொடுப்பது கடனா, தருமமா?



தாயகத்துக் கல்லூரிகளிலிருந்து நம் சங்கத்துக்கு அவ்வப்போது கடிதங்கள் வருகின்றன. வகுப்பறை கட்ட வேண்டும், ஏழை மாணவர்க்கு உதவிநிதி சேர்க்க வேண்டும், எங்களிடம் படித்தவர்கள் ஈப்போவிலும் பேராக்கின் மற்ற ஊர்களிலும் இருக்கின்றார்களே, அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்கின்றார்கள். நாமும் எடுத்துச் சொல்கின்றோம். பழைய மாணவர்களில் மனமுவந்து கொடுப்போர் உண்டு. வேறு சிலரோ, "கட்டணம் கட்டித்தானே படித்தோம்? கணக்கு அன்றைக்கே தீர்ந்து விட்டதே!" என்கின்றார்கள்.

இது வியாபாரி கேட்கும் கேள்வி. வியாபாரி முறையிலேயே இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நாம் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்று, கல்லாவில் உட்கார்ந்தவர்கள். கல்லூரி வாசற்படியை மிதித்தவர்கள் அல்லர். ஆனால் பற்று வரவு பார்க்கத் தெரியும். ஆகவே இந்தக் கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

நம் கடையில் ஒருவர் ஒரு கிலோ அரிசி வாங்குகின்றார். அவர் கொடுக்கும் காசிலே நெல் விளைந்த செலவு, லாரி வாடகை, கடை வாடகை, நம்முடைய லாபம் எல்லாம் அடங்கிவிடும். அவர் காசைக் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்தது. கல்லூரிக் கட்டணம் அப்படிப்பட்டதா? முதல் மாணவன் வந்து முதல் தவணை கட்டுவதற்கு முன்னரே அங்கு நிலம் இருந்தது; கட்டடம் இருந்தது. அவற்றின் விலையை எந்த மாணவனிடமும் எவரும் வசூலிக்கவில்லை. அரசு உதவி பெறும் பாடப் பிரிவுகளிலோ ஆசிரியர் ஊதியத்தையும் அரசாங்கமே கொடுக்கின்றது. அது ஊராரின் வரிப்பணம். ஆக, மாணவன் கட்டியது ஒரு பங்கு. மீதியைக் கட்டியவர்கள் வேறு பலர்.

அவர்கள் யார்? வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919ஆம் ஆண்டில் தோன்றியது. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951இல் தோன்றின. அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955இலும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியாக் கல்லூரி 1956இலும் எழுந்தன. இவற்றின் பின்னால் நின்றவர்களில் வணிகர்கள் மிகப் பலர். திருச்சிக் கல்லூரியின் நிறுவனர்களாக ஜமால் முஹம்மது சாகிபையும் காஜாமியான் ராவுத்தரையும் இன்றும் போற்றுகின்றார்கள். அவர்களுள் ஜமால் முஹம்மது சாகிபு பேர்பெற்ற தோல் வியாபாரி. நம் சமூகத்துக்கு வெளியே பார்த்தாலும் இதுவே கதை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1944இல் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார். கடைசியில் குடியிருந்த வீட்டையும் கல்விக்கே எழுதி வைத்தார். அவர் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். காரைக்குடியில் அவர் கட்டிய வகுப்பறை எதிலும் அவர் மாணவராய் அமர்ந்ததில்லை.

எனவே கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்வது பிசகு. பாக்கி இருக்கின்றது. அப்படியானால் அது கடன்தானே என்று கேட்கலாம். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். அவருக்குத்தான் திருப்ப வேண்டும். மேலே சொன்ன பெரியவர்கள் மறைந்து விட்டார்கள். அவர்கள் எந்த மாணவனிடமும் சீட்டு எழுதி வாங்கவில்லை. அவர்கள் தருமமாகக் கொடுத்ததை நாம் கடன் என்று பேரேட்டில் எழுதினால் அது அவர்களின் நிய்யத்தையே திருத்தி எழுதுவதாகும். மலேசிய அரசாங்கம் 1997இல் ஏற்படுத்திய பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் நிதியை நம் பிள்ளைகள் அறிவார்கள். அங்கே தொகை உண்டு, தவணை உண்டு, தீர்த்ததும் கணக்கு மூடப்படும். கல்லூரி தந்த நன்மைக்கு அப்படித் தொகை போட எவரால் முடியும்?

இன்னொன்றும் உண்டு. கடன்தான் என்றால் படித்தவன் மட்டுமே கொடுக்க வேண்டும். படிக்காதவனுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் நடந்தது என்ன? 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். கூலி வேலை செய்தோரும் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை 1956இல் தோன்றியது. சீன சகோதரர்கள் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் எழுப்பிய கதையும் இத்தகையதே. ரப்பர் வியாபாரி டான் லார்க் சை 1953இல் 50 லட்சம் வெள்ளி தருவதாக முன்வந்தார். அவரைப் பார்த்து டிரைஷா மிதித்தவர்களும் தங்கள் ஒரு நாள் கூலியைக் கொடுத்தார்கள். 1956இல் வகுப்புகள் தொடங்கின. ஒரு வெள்ளி கொடுத்த அந்தத் தொழிலாளி எந்தக் கடனைத் தீர்த்தார்? அவர் எவரிடமும் எதுவும் பெறவில்லை. கொடுத்தார், அவ்வளவே.

கடனும் அல்ல, மனம் வந்தால் கொடுக்கலாம் வராவிட்டால் விடலாம் என்ற வெறும் தருமமும் அல்ல என்றால் பின் இது என்ன? நம் பேராக்கிலேயே இதற்கு உவமை இருக்கின்றது. பால்மரக் கன்றை நட்டால் ஆறேழு ஆண்டு கழித்துத்தான் பால் எடுக்கலாம். நட்டவன் ஒருவன், வெட்டுபவன் வேறொருவன். பால் எடுக்கின்றவன் நட்டவனுக்குக் கடன்பட்டவன் அல்லன். ஆனால் வயதான மரத்தைச் சாய்த்த பிறகு மறுநடவு செய்யாமல் போனால் அடுத்து வருகின்றவனுக்கு அங்கே காடுதான் இருக்கும். நம் முன்னோர் வக்பு என்று வகுத்த முறையும் இதுவே. முதல் அப்படியே நிற்க வேண்டும், பலன் மட்டும் கைமாறிக்கொண்டே போக வேண்டும். பழைய மாணவன் அத்தகைய அமானிதத்தைக் கையில் வாங்கியவன். தன்னோடு அது முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அவன் கடமை.

இப்படி வைத்துக்கொண்டால் பல சிக்கல்கள் தாமே அவிழும். முதலாவது, தொகையின் பெருமை போய்விடும். மாதம் பத்து வெள்ளி கொடுக்கும் எழுத்தரும் பதினாயிரம் கொடுக்கும் முதலாளியும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

இரண்டாவது, இது வியாபாரம் ஆகக் கூடாது. மகனுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று கொடுப்பது நன்கொடை அல்ல, அது விலை. தமிழ்நாட்டில் இடத்துக்காகப் பணம் வாங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கின்றது. கல்வெட்டில் பெயர் போட்டால்தான் தருவேன் என்பதும் விலை பேசுவதுதான். பெயர் இருந்தால் நாலு பேருக்கு ஊக்கமாகும் என்பார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஜமால் முஹம்மது சாகிபின் பெயர் கல்லூரிக்கே நிற்கின்றதே! நன்றியால் பிறர் சூட்டும் பெயர் வேறு. நிபந்தனையாய் நாம் கேட்டு வாங்கும் பெயர் வேறு.

மூன்றாவது, அமானிதம் என்றால் கல்லூரிக்கும் கட்டுப்பாடு உண்டு. கட்டடம் கட்டும்போது மட்டும் பழைய மாணவனை நினைப்பது முறையன்று. வாங்கிய காசுக்கு ரசீதும் வருடக் கணக்கும் தர வேண்டும். நம் நண்பர் ஒருவர் ஒரு கல்லூரிக்குப் பணம் கொடுத்து, நன்றிக் கடிதம் ஒன்றும் இல்லாமல், அடுத்த ஆண்டு மறுபடியும் வேண்டுகோளே பெற்றார். அவர் மனம் கசந்தது நியாயந்தானே? இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் (2010) வேறு இருக்கின்றது. மலேசியக் குடிமக்களாகிய நாம் அனுப்பும் நன்கொடையை அச்சட்டப்படி பதிவுபெற்ற நிறுவனமே வாங்கலாம். 2020இல் வந்த திருத்தத்தின்படி அதற்கென டில்லி ஸ்டேட் வங்கியில் உள்ள கணக்கு வழியாகத்தான் வாங்க வேண்டும். ஊருக்குப் போகின்றவர் கையில் கொடுத்தனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

கடைசியாக ஓர் ஆட்சேபம் உண்டு. இதுதான் கனமானது. "இங்கே தோட்டங்கள் போய்விட்டன, செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. லயத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்க வழியின்றி நிற்கையில் திருச்சிக்குப் பணம் அனுப்புவதா?" என்று கேட்கின்றார்கள். நியாயமான கேள்வி. அடுத்த வீட்டுப் பசிக்கு முதல் உரிமை உண்டு. 1969 முதல் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கின்றது. கம்பாரில் 2007 முதல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் இருக்கின்றது. தஞ்சோங் மாலிமில் ஆசிரியர்களை உருவாக்கும் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கே இடம் கிடைத்தும் விடுதிக்கும் புத்தகத்துக்கும் திண்டாடும் பிள்ளைகள் உண்டு.

இது திருச்சிக்குப் பட்ட கடனாக இருந்தால் திருச்சிக்குத்தான் கட்ட வேண்டும். அமானிதமாக இருப்பதால், திருச்சியில் வாங்கியதைக் கம்பாரில் கொடுத்தாலும் சங்கிலி அறாது. ஜமால் முஹம்மதில் படித்த ஒருவர் இங்குள்ள தோட்டப் பிள்ளை ஒருவனின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டால், திருச்சியில் கொடுத்த பெரியவர்களின் நோக்கத்துக்கு அவர் குறை வைத்தவர் ஆகமாட்டார். ஆனால் ஓர் எச்சரிக்கை. திருச்சி கேட்டால் கம்பாரைக் காட்டுவதும், கம்பார் கேட்டால் திருச்சியைக் காட்டுவதுமாகப் பணப்பையை மூடியே வைத்திருப்பவருக்கு இந்த வாதத்தில் இடமில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும் அன்பர்களில் கல்லூரி கண்டவர்கள் ஒரு தாளில் தம் பெயரையும், படித்த இடத்தையும், மாதம் இயன்ற தொகையையும், அது எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதித் தருவார்களாக. பணம் இயலாதவர் ஒரு பிள்ளைக்கு வேலை சொல்லிக் கொடுப்பதாகவோ, விண்ணப்பம் எழுத உதவுவதாகவோ எழுதலாம். கல்லூரி காணாத நாமும் அந்தத் தாளின் அடியில் நம் பெயரைச் சேர்த்துக்கொள்வோம். அன்று ஒரு வெள்ளி கொடுத்தவர்களும் கல்லூரி காணாதவர்கள்தாமே.

வஸ்ஸலாம்.