எழுதாமல் விட்ட வரி

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு அங்கே ராஜீவ் காந்தியும், அவரைச் சுற்றி நின்ற காவலர்களும் பொதுமக்களும் குண்டுக்கு இரையானார்கள். அந்தக் கொடுமைக்கு எவரும் சமாதானம் சொல்ல முடியாது. அதனாலேயே, அதற்கு நாடு கொடுத்த தண்டனை நியாயமாகக் கொடுக்கப்பட்டதா என்று கேட்காமலும் நம்மால் இருக்க முடியாது.

அந்தக் கொலை வழக்கில் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். கடையில் யாரும் வாங்கலாம். வாங்கியது குற்றமல்ல, எதற்கென்று அறிந்து வாங்கியிருந்தால்தான் குற்றம். ஆக, ஓர் இளைஞனின் மனத்துக்குள் அன்று என்ன இருந்தது என்பதில் அவன் உயிர் தொங்கியது.

மனத்துக்குச் சாட்சி ஏது? வாக்குமூலம்தான். போலீசிடம் தந்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே எச்சரிக்கையோடு விதித்திருந்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா அந்த வேலியைப் பிடுங்கியது; எஸ்.பி. நிலை அதிகாரி எழுதிக்கொண்டால் செல்லும் என்றது. 1998-ல் பூந்தமல்லி தடா நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. இவ்வழக்குக்குத் தடாவின் பயங்கரவாதக் குற்றம் பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடாவின்கீழ் எழுதிய வாக்குமூலங்கள் மட்டும் நிலைத்தன. பேரறிவாளன் உள்ளிட்ட நால்வரின் தூக்கும் அப்போது நிலைத்தது.

2013 நவம்பரில், பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக ஒப்புக்கொண்டார்; பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் அதைப் பிரமாணப் பத்திரமாக அளித்தார். பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற நீதிமன்றம் இணங்கவில்லை. 2022 மே 18-ல் பேரறிவாளன் விடுதலையானார். குற்றமற்றவர் என்று அல்ல, அவரை விடுவிக்கச் சொன்ன தமிழக அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநர் மாளிகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததால்.

அந்த அதிகாரியைக் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. மனசாட்சி உறுத்தி, இருபதாண்டு கழித்தாவது பேசினார். பேசாமலே போனவர்கள் எத்தனை பேரோ. ஆபத்து கொடுமனத்தில் மட்டும் இல்லை. விடையை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு ஒத்துவருவதை மட்டும் எழுதி, ஒத்துவராததை விட்டுவிடும் அந்த அவசரத்திலும் அது இருக்கிறது.

இதே அவசரத்தின் நிழல் காஞ்சியிலேயே விழுந்தது. 2004 செப்டம்பர் 3 அன்று, தறிகளும் பட்டுக் கடைகளும் சூழ்ந்த சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்திலேயே மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். ராமானுஜர் இளமையில் தீர்த்தம் சுமந்ததாக வைணவர்கள் போற்றும் கோயில் அது. அவர் பிறந்த ஊரோ ஸ்ரீபெரும்புதூர். அவ்வாண்டு தீபாவளியை ஒட்டி, இந்தக் கொலை வழக்கில் காஞ்சி மடத்தின் சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைதானார். தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்குமா என்ற ஐயத்தில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. அங்கே 83 பேர் பிறழ் சாட்சி ஆனார்கள். தியாகராஜன் பேசிய அதே 2013 நவம்பரில், 27-ஆம் தேதி, ஜெயேந்திரர் உட்படக் குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் விடுதலையானார்கள்.

ஒரு வழக்கில் தண்டனை, இன்னொன்றில் விடுதலை. இரண்டும் நம்மை ஒரே இடத்துக்குத்தான் கொண்டுவந்து நிறுத்துகின்றன. போலீஸ் நேர்மை என்பது குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் காட்டும் சலுகை என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் உண்மையில் அது கொல்லப்பட்டவருக்கு நாம் பட்டிருக்கும் கடன், ஏனென்றால் ஐயத்துக்கு இடமான விசாரணை ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பலாம், ஒரு குற்றவாளியை வீட்டுக்கும் அனுப்பலாம், எந்த வழியில் போனாலும் இறந்தவருக்குச் சேர வேண்டிய உண்மை மட்டும் அவரைச் சேராமலே போய்விடுகிறது. அப்படிப் பறிபோகும் உண்மைக்கு, எல்லாத் தீர்ப்புகளும் யார் பெயரால் எழுதப்படுகின்றனவோ அந்த மக்களாகிய நாமும் பொறுப்பாளிகள் ஆகிறோம்.

காவல் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. அந்த உத்தரவு நம் ஊர் ஸ்டேஷனில் நடக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். சங்கரராமனைக் கொன்றது யார் என்று சட்டம் இன்றுவரை சொல்லவில்லை.