முதலில் திருநீறு, கணக்கு பிறகு

ஓம் சரவணபவ!

நம்ம குழுவில் டாக்டர்கள் இருக்கீங்க. மெடிக்கல் ஷாப், லேப் நடத்துறவங்களும் இருக்கீங்க. அங்கே பாக்கி வைத்தவர்களும் இருக்கோம். இன்றைய சிந்தனை இரு தரப்புக்கும்தான்.

நம்ம கடலூர் மாவட்டத்துக் கதை இது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், சைவத்தை விட்டுத் திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்தார். கொடிய சூலை நோய் வந்தது. எந்த வைத்தியமும் கேட்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்குப் போய், அக்கா திலகவதியார் காலில் விழுந்தார்.

"இத்தனை நாள் எங்கே போயிருந்தே?" என்று அக்கா கேட்கவில்லை. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தார். விடியும் முன்னே வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். ஈசனும் பழைய பாக்கியைக் கேட்கவில்லை. முதலில் வலியைத் தீர்த்தான். சிதம்பரத்தில் அரங்கேறிய பெரியபுராணம் சொல்லும் வரலாறு இது.

இப்போ நம்ம கவுன்டருக்கு வருவோம். நாலு பேர் முன்னாடி, "போன மாசப் பாக்கியே 600 நிக்குது" என்று சத்தமாகக் கேட்டால் என்ன ஆகும்? மறுமுறை அவர் பணத்தோடு வரமாட்டார், வராமலே இருந்துவிடுவார். பிரஷர் மாத்திரை நின்றுபோகும். ஒருநாள் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். அந்தக் கடனை யார் அடைப்பது?

கணக்கை விட்டுவிடச் சொல்லலை. நர்சுக்குச் சம்பளம் தரணும், கரண்ட் பில் கட்டணும். ஆனால் தனியாகக் கூப்பிட்டு, "என்னங்கய்யா கஷ்டம்?" என்று கேளுங்க. மாசம் 100 என்று தவணை போடுங்க. அதுவும் முடியாதவருக்கு வழி சொல்லுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரை இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதை வீட்டுக்கே கொண்டுவருது. ஆபரேஷன் என்றால், தகுதியுள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும்.

பாக்கி வைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. குணமான அப்பர் பெருமான் சும்மா இருக்கவில்லை. உழவாரப்படை எடுத்து, ஊர் ஊராகக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். உடம்பால் கட்டிய தவணை அது! பணம் இல்லைன்னா ஒளியாதீங்க, நேரில் போய்ச் சொல்லுங்க. கையில் இருப்பதைக் கொடுங்க.

சிதம்பரத்திலிருந்து சீர்காழி தாண்டினால் வைத்தீஸ்வரன்கோயில். அப்பா வைத்தியநாதர், அம்மா தையல்நாயகி, பிள்ளை நம்ம செல்வமுத்துக்குமாரன். வைத்தியர் வீட்டுப் பிள்ளையைக் கும்பிடுகிற நாம், நோயோடு வாசலில் நிற்பவரைத் தலைகுனிய வைக்கலாமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!