ஒத்தி வீட்டில் குடியிருப்பது ஆகுமா?

சொந்த வீடு எல்லோருக்கும் வாய்த்துவிடுவதில்லை. நம்மில் பலர் பிறர் வீட்டில் குடியிருப்பவர்களே. அதில் இழிவு ஏதுமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு எழுந்தருளியபோது, பள்ளிவாசலும் அதையொட்டிய அறைகளும் கட்டி முடிக்கப்படும் வரை ஹஜ்ரத் அபூஅய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில்தானே தங்கியிருந்தார்கள்! ஆகவே, வீடு யாருடையது என்பதல்ல கேள்வி. எந்த முறையில் அதில் குடியிருக்கிறோம் என்பதே கேள்வி.

வீடு தேடிப் போகிறவரிடம், "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்று கேட்கிறார்கள். ஒத்தி என்றும், போக்கியம் என்றும், இப்போது லீஸ் என்றும் ஊருக்கொரு பெயர். விஷயம் ஒன்றுதான். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பேசிய காலம் வரை வாடகையின்றிக் குடியிருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த தொகை முழுவதும் திரும்பி வந்துவிடும். "வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை" என்று நம் வீடுகளில் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். வங்கி வட்டியைக் கையால் தொடாத பேணுதலான குடும்பங்கள்கூட நிம்மதியாக ஒத்தி வீட்டில் இருந்து வருகின்றன.

சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 5 லட்சம் ரூபாய் கொடுத்து மூன்றாண்டுகள் ஒத்திக்கு இருக்கிறார். அதே தெருவில் அதுபோன்ற வீட்டுக்கு மாத வாடகை 5,000 ரூபாய். மூன்றாண்டுகளில் அவர் கொடுக்காமல் மிச்சப்படுத்தியது 1,80,000 ரூபாய். அசல் 5 லட்சமும் குறையாமல் கைக்கு வந்துவிடுகிறது. இதே 5 லட்சத்தை ஒரு வியாபாரிக்குக் கடனாகக் கொடுத்து, மாதம் 5,000 வாங்கி, முடிவில் அசலையும் வாங்கிக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். பணமாக வாங்கினால் வட்டி. நிழலாக வாங்கினால் வட்டியில்லையா?

கடன் கொடுத்தவர் அந்தக் கடனை முன்னிட்டு நிபந்தனையாகப் பெறும் எந்த லாபமும் ரிபாவைச் சேர்ந்ததே என்பது ஃபுகஹாக்கள் ஏற்றுக்கொண்ட விதி. அடைமானம் (ரஹன்) மார்க்கத்தில் ஆகுமானதுதான். நாயகம் (ஸல்) அவர்களே தம் கவசத்தை அடைமானம் வைத்து வாற்கோதுமை வாங்கியதுண்டு. ஆனால் அடைமானம் கடனுக்குப் பாதுகாப்பே தவிர, கடன் கொடுத்தவர் அனுபவிப்பதற்கல்ல. அடைமானம் வைத்த கால்நடைக்குத் தீனி போடுகிறவர் அதில் சவாரி செய்யலாம், பால் கறக்கலாம் என்று ஹதீஸ் இருக்கிறதே என்பார்கள். அது தீனிக்கு ஈடானது. வீடு தீனி தின்பதில்லையே!

"வீட்டுக்காரர் மனம் ஒப்பித்தானே கொடுக்கிறார்?" என்று கேட்கலாம். வட்டிக்கு வாங்குகிறவனும் மனம் ஒப்பித்தான் கையெழுத்துப் போடுகிறான். தேவை கழுத்தைப் பிடிக்கும்போது பிறக்கும் சம்மதம் அது. சொந்தக்காரர் தாமாக அனுமதித்தால் அனுபவிக்கலாம் என்று ஹனஃபி மத்ஹபின் அறிஞர் சிலர் கூறியிருப்பது உண்மை. ஆனால் வழக்கத்தில் ஊறிப்போனது வாயால் பேசிய நிபந்தனைக்குச் சமம் என்றும் ஃபுகஹாக்கள் சொல்லியிருக்கிறார்களே! இலவசமாகக் குடியிருக்க முடியாது என்றால், நம்மில் யார் அந்தத் தொகையைக் கொடுப்போம்?

சிலர் பெயருக்கு மாதம் நூறு ரூபாய் வாடகை என்று எழுதிக்கொள்கிறார்கள். இதற்கு ஓர் உரைகல் உண்டு. அந்தப் பெருந்தொகை கைமாறாவிட்டால் அந்த வீடு அந்த வாடகைக்குக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் குறைந்த வாடகை கடனின் கூலியே. பத்திரத்தை ஏமாற்றலாம்; அல்லாஹ்வை ஏமாற்ற முடியுமா?

இதைச் சொல்லும்போது நம் மனம் கலங்காமலில்லை. கணவனை இழந்த ஒரு சகோதரி நகைகளை விற்று ஒத்திக்கு வீடு பிடித்திருப்பாள். மாதா மாதம் வாடகை கொடுக்க அவளுக்கு வருமானம் ஏது? மறுபுறம், மகளின் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வழியின்றி வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு, தானே சிறு வீட்டில் வாடகைக்கு இருப்பவரும் உண்டு. இவர்களை நோக்கி விரல் நீட்டுமுன், வசதியுள்ள நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அழகிய கடன் கொடுக்க நாம் முன்வந்திருந்தால் அவர் ஏன் வீட்டை ஒத்திக்கு விடுகிறார்? ஜகாத்தும் ஸதகாவும் முறையாகத் திரட்டப்பட்டிருந்தால் அந்தச் சகோதரி ஏன் நகையை விற்கிறாள்? ஹராமைச் சுட்டிக்காட்டும் ஜமாஅத், ஹலாலுக்கு வழி திறந்துவிடவும் கடமைப்பட்டிருக்கிறது.

வழி இல்லாமலும் இல்லை. நியாயமான வாடகை பேசி, மூன்றாண்டு வாடகையை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிடலாம். இது இஜாரா. வீட்டுக்காரருக்குக் கையில் தொகை. திருப்பித் தரும் பாரமும் இல்லை. ஏற்கெனவே ஒத்தியில் இருப்பவர்கள், கொடுத்த தொகையிலிருந்து மாதந்தோறும் வாடகை கழியும்படி ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளலாம். முன்பணம் வாங்குவதிலும், அது பாக்கிக்கும் சேதத்துக்கும் ஈடாக இருக்கட்டும். வாடகையைக் குறைப்பதற்கு அல்ல. எதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தில் இறைவன் கட்டளையிட்டிருக்கிறான். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. அவரவர் நிலைமைக்கேற்ப, தெளிந்த ஆலிம்களிடம் கேட்டுச் செயல்படுவது நலம்.

நாம் தொழும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பாயைத் தட்டி விரிக்கிறோம். அந்தப் பாயை விரிக்கும் வீட்டில் நாம் இருக்கும் முறையும் சுத்தமாக இருக்க வேண்டாமா? ஹலாலான கூரையின் கீழ் வாழ்ந்து, ஹலாலான உணவை உண்ணும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.