சொதி விடட்டோ?

வன்னியில் பெருநகரம் என்று ஒன்று கிடையாது. ஏ-9 வீதியைத்தான் நகரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வவுனியா அதன் தெற்கு வாசல். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி எல்லாம் அதன் பேட்டைகள். கிளிநொச்சியும் பரந்தனும் வடக்குக் கோடி. நீளம் 70 கிலோமீற்றருக்கு மேல். அகலம் பல இடங்களில் ஒரு கடையும் அதன் பின்வளவும்தான். மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவுக் கடல்வரை ஒரு குறுக்குத்தெரு. இந்த நகரத்தில் கோடைகாலத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அலைவது எனக்குப் பிடித்த வேலை. உத்தியோகமும் அதற்குத் தோதாய் அமைந்துவிட்டது. ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு ஊர்களில் எனக்குப் பன்னிரண்டு மணியாகும்.

*

சித்திரைக் கடைசியில் தொடங்கும் காண்டாவனம் வைகாசி நடுவில் முடிந்துவிடும் என்கிறது பஞ்சாங்கம். வெயில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பின்னாலேயே சோளகம் கிளம்பிப் புழுதியை அள்ளிக் கண்ணிலும் தேத்தண்ணியிலும் போடும். யுத்தத்தில் கொஞ்சம், வீதி அகலிப்பில் கொஞ்சம் என்று கரையோர மரங்கள் போனபிறகு, மத்தியானத்தில் கடைக்குள் ஏறுவது முதலில் நிழலுக்காக, பிறகுதான் சோற்றுக்காக.

தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றும். கிடுகுக் கூரை கண்டால் நின்றுவிடுவேன். பெயர்ப்பலகை பார்ப்பதில்லை. நெடுந்தூர பஸ் நிற்கிற கடையிலும் எனக்கு நம்பிக்கையில்லை. அங்கே சாரதிக்கும் நடத்துனருக்கும் வேறு சட்டி இருக்கும். மேசன்மார், மின்சாரசபைக்காரர், வயலில் இருந்து லான்ட்மாஸ்ரரோடு வந்தவர்கள் இருக்கிற கடை என்றால் யோசிக்காமல் போகலாம். அவர்கள் நாளைக்கும் வரவேண்டியவர்கள்.

*

கோப்பையின் மேல் ஒரு தாள் விரித்துத்தான் சோறு விழும். 2017 செப்ரெம்பர் 1 தொடக்கம் பொலித்தீன் ‘லஞ்ச் சீற்’ தடை. அதற்குப் பிறகு வந்த தாளும் பார்வைக்கு அதேதான், உக்கும் என்கிறார்கள். வாழையிலை சில சைவக்கடைகளில் வெள்ளிக்கிழமை கிடைக்கும். தாமரையிலைக்குக் கோயிலுக்குத்தான் போகவேண்டும்.

“குத்தரிசியோ, வெள்ளையோ?”

“மீனோ, கோழியோ, மரக்கறியோ?”

இரண்டு கேள்விகளோடு காரியம் முடிந்துவிடும். பருப்பு, கத்தரிக்காயோ பூசணியோ ஒரு பால்கறி, ஒரு வறை, வல்லாரை வந்த நாளில் வல்லாரைச் சம்பல், பப்படம், பொரித்த மிளகாய். மீன் குழம்பில் ஒரு துண்டு. பாதிச் சாப்பாட்டில் பக்கத்தில் ஒரு நிழல் வந்து நிற்கும். “சோறு போடட்டோ? சொதி விடட்டோ?”

கோடைக்குச் சொதிதான் சாப்பாடு என்பது என் கட்சி. தண்ணிப்பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் அவிந்து, முதற்பால் விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்கிவிடவேண்டும். தேசிக்காய்ப் புளி சட்டியை இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துபோகும். அவசரக் கடைகளில் சொதியில் வெள்ளைத் துகள் மிதப்பது அதனால்தான். நல்ல சொதி சூடாகவே தாகத்தைத் தீர்க்கும்.

மீனுக்குக் கணக்குண்டு. முட்டைக்கும் கோழிக்கும் உண்டு. சோறு, பருப்பு, சொதி மூன்றுக்கும் இல்லை. பெரும்பாலான கடைகளில் இல்லை. கரடிப்போக்குப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒரு அக்காவிடம் காரணம் கேட்டேன். பசி தெரிந்த சனம், நெல் விளைகிற மண் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

“சோத்தை அளந்தால் ஆர் தம்பி வருவினம்? சோத்தில வயிறு நிறைஞ்சா ரெண்டாந் துண்டு மீன் கேக்க மாட்டினம். மீன் என்ன விலை விக்குது தெரியுமோ?”

*

அளக்கிற ஊர்தான் இது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கிய இரணைமடுவில் தண்ணீர் அடியாலும் அங்குலத்தாலும் பேசப்படுகிறது. சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடும். குளத்தில் எவ்வளவு நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும், ஆருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கொடுப்பார்கள். முழு வயலையும் விதைக்க எல்லா வருடமும் தண்ணீர் காணாது. மத்தியானக் கடைகளில் அந்த நாட்களில் வேறு பேச்சே இருக்காது. மேசையில் தண்ணீர்ப் போத்தலை வைத்து, விரலால் மட்டம் காட்டிச் சண்டை பிடிப்பார்கள்.

அதே மேசையில் இன்னொரு முறைப்பாடும் வரும். அறுவடையோடு நெல் லொறியில் தெற்கே போகிறது. பிறகு பெயர் அச்சடித்த பையில் அரிசியாகத் திரும்பி வருகிறது. தன் வயல் நெல்லைத்தான் தான் கடையில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறேனோ என்று ஒருவர் கேட்டார். கடைக்காரர் மூடையின் பெயரைத் திருப்பிக் காட்டினார். பொலன்னறுவை முகவரி.

குடிக்கிற தண்ணீர் தனிக் கதை. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பரவத் தொடங்கிய பிறகு, ‘வடிகட்டிய குடிநீர்’ என்ற எழுத்து சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் ஏறிவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணீருக்கு இருந்த கனத்த ருசி அதோடு போய்விட்டது. நான் அதற்காகக் கவலைப்படக் கூடாதுதான்.

*

உள்ளூரில் குளத்து மீன், கரையில் கடல் மீன். கிளிநொச்சிக் கடைகளில் இரண்டும் ஒரே சட்டிக்குப் போட்டி போடும்.

இலங்கைக் குளங்களுக்குத் திலாப்பியா வந்தது 1952இல். ஆபிரிக்க மீன். எங்கள் சனம் அதை யப்பான் மீன் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. கோடையில் குளம் வற்ற வற்ற மீன் ஒதுங்கும். வலைக்கு வேலை சுகம், விலையும் இறங்கும். கூடவே சேற்று மணமும் ஏறும். உப்புப் போட்டு உரஞ்சிக் கழுவி, பழப்புளியைக் கூட்டி, மிளகாய்த்தூளைக் கைநிறைய அள்ளிப்போடுகிற கடைகளில்தான் அதைத் தொடலாம். விரால் என்றால் கதை வேறு. கிடைத்த அன்று கடைக்காரர் அதைப் பலகையில் எழுதமாட்டார். முகம் பார்த்துச் சொல்வார்.

முல்லைத்தீவில் நிலைமை தலைகீழ். சோளகம் தரையில் புழுதி கிளப்புகிற மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். ஆகவே கோடைதான் அங்கே மீன்காலம். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்திலிருந்தெல்லாம் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வாடி போட வருவார்கள். அதனால் உள்ளூர்த் தொழிலாளிக்கு வருகிற இடைஞ்சல் பல வருட வழக்கு. சாப்பாட்டுக் குறிப்பில் அடங்காது. கடற்கரையோரக் கடைகளில் மத்தியானத்துக்குப் பாரையும் விளைமீனும், பொரித்த சூடையும், நல்ல நாளில் நந்திக்கடல் இறாலும் இருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய் என்றால் சுறாவில் வறை வறுத்துத் தருகிற கடை ஒன்றுண்டு. கேட்காமலே பால் சுறாவாகப் பார்த்து எடுப்பார்கள்.

*

கை துடைக்கப் பத்திரிகையை நாலாக வெட்டி ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். சில கடைகளில் பள்ளிக்கூடக் கொப்பித் தாள். எனக்கு ஒருநாள் கிடைத்தது மரண அறிவித்தலின் பாதி. படத்தில் நெற்றியும் திருநீறும் இருந்தன. பெயர் மற்றத் துண்டோடு போய்விட்டது. பிறந்த இடம் மட்டும் தெரிந்தது. வதிவிடம் கனடாவாக இருக்கும். நீர் விட்டுக் கழுவிய கையை உடுப்பில் துடைத்துக்கொண்டேன்.

*

2022இல் எரிவாயுவுக்கு வரிசை நின்ற காலத்தில் கொழும்பில் கடைகள் பூட்டின. வன்னிக் கடைகள் பின்வளவுக்குப் போய் மூன்று கல்லை வைத்தன. பாலை விறகும் வீரை விறகும் நின்று எரியும்; குழம்புக்கு நல்லது. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்புச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். சாப்பாட்டு விலை ஏறியது. மீன் துண்டு ஒடுங்கியது. கோழிக்காலை இரண்டாய் வெட்டினார்கள். சில கடைகளில் அடுத்த முறை சோறு கேட்டால் காசு என்று எழுதி ஒட்டியதும் அப்போதுதான். ஒட்டிய கடைகளில் ஒன்று சில மாதங்களுக்குள் கடதாசியைக் கிழித்துவிட்டது. பசை ஒட்டிய தடம் இன்னும் சுவரில் இருக்கிறது. எரிவாயு திரும்ப வந்த பிறகும் விறகைக் கைவிடாத கடைகள் உண்டு. அங்கே சாப்பிட்ட சேட்டு பின்னேரம்வரை மணக்கும்.

*

மே 12 தொடக்கம் 18 வரை சந்திகளில் கஞ்சி. 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால் பக்கம் ஒடுக்கப்பட்ட சனத்துக்குக் கிடைத்தது அதுதான்: அரிசி, தண்ணீர், இருந்தால் உப்பு. இப்போது பெரிய கிடாரத்தில் காய்ச்சிச் சிரட்டையில் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், பஸ்ஸில் இருந்து கை நீட்டுகிறவர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள். 2024 மேயில் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைக் கைதுசெய்தார்கள். ஒரு சிரட்டை கஞ்சிக்கு அரசாங்கம் பயப்படுவதென்றால் அதன் கனம் என்னவென்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு சந்தியில் பால் விட்டிருந்தார்கள். அடுத்ததில் வெறும் கஞ்சி. பால் விட்டதுதான் ருசி. ருசி பார்த்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

குடித்துவிட்டு எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். நானும் போனேன். புதுக்குடியிருப்பில் ஒரு கடை. எதிர் மேசையில் ஒரு பெடியன் அரைக் கோப்பைச் சோற்றை அப்படியே வைத்துத் தாளை மடித்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 2009இல் அந்தப் பெடியனுக்கு ஒரு வயதோ இரண்டு வயதோ இருந்திருக்கும். சோற்றை மிச்சம் விடலாம் என்று நினைக்கிற ஒரு பிள்ளை அந்த மண்ணில் வளர்ந்திருப்பது நல்லதா என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். நல்லது என்றுதான் படுகிறது. பெரியவருக்கு எப்படிப் பட்டதோ.

*

வவுனியாவில் எனக்கு அவசரம் வந்துவிடும். பஸ் நிலையத்தைச் சுற்றி மூன்று மொழியிலும் சாப்பாடு கேட்கலாம். முஸ்லிம் கடைகளில் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் போனால் பிரியாணி, பின் போனால் சட்டியின் அடி.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அம்மாச்சி உணவகம் இருக்கிறது. முதலாவது வடக்கு மாகாணசபையின் காலத்தில் விவசாயத் திணைக்களம் தொடங்கியது. பெண்கள் குழுக்களாக நின்று கண்ணுக்கு முன்னால் சமைக்கிறார்கள். குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை, தோசை. கோடை மத்தியானத்துக்கு மோரும் பழச்சாறும் வாங்க அங்கே ஏறலாம். ஆனால் சோற்றுக்கு நான் அங்கே போவதில்லை. வரிசையில் நின்று சொல்லி, காசு கொடுத்து, தானே தூக்கிக்கொண்டு வரவேண்டும். பக்கத்தில் வந்து “காணுமோ?” என்று கேட்க ஆளில்லை. என் வயிறு அந்தக் கேள்விக்குப் பழகிப்போய்விட்டது.

*

வைகாசி, ஆனி மாதங்களில் காட்டோர வீதியில் பாலைப்பழம் விற்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு அதுதான். உதடு ஒட்டும். எண்ணெய் தடவித்தான் பிரிக்கவேண்டும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்குகிறவர்கள் கச்சான் வாங்குவார்கள், நான் பாலைப்பழம். அலுவலகக் கூட்டத்துக்கு முன் சாப்பிடவே கூடாது.

*

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசித் திங்களில் பொங்கல். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, அந்த உப்புநீரில் விளக்கெரிக்கிற கோயில். அந்த நாட்களில் முல்லைத்தீவுப் பக்கம் பல கடைகளில் மச்சம் இல்லை. பொங்கலன்று சாப்பாடே இல்லை, பூட்டு. சனம் முழுக்க நந்திக்கடல் ஓரம் போய்விடும். வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல், சர்க்கரைத் தண்ணீர், மோர். அன்னதான மடத்தில் வரிசை வெயிலுக்குள் வளைந்து நின்றது.

வரிசையில் எனக்கு முன்னால் கரடிப்போக்குக் கடை அக்கா. கடையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு வந்திருந்தா. வெள்ளைச் சீலையில் முதலில் அடையாளம் பிடிபடவில்லை. பந்தியில் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. சோறு, பருப்பு, பூசணிக்காய், சாம்பாறு. தொண்டு செய்கிற பெடியன் வாளியோடு வந்து குனிந்தான்.

“சாம்பாறுக்குப் புளி கூடிப்போச்சு” என்றா என் பக்கம் சாய்ந்து, மெல்ல. பிறகு பெடியனை நிமிர்ந்து பார்த்து, “விடு தம்பி, இன்னும் விடு. சோறும் போடு.”