ஐந்து மணிக்கு வந்தவனின் கூலி

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமை கேட்பவருக்குக் கொஞ்சமாவது கோபத்தை மூட்ட வேண்டும். விடியற்காலையில் தோட்டத்துச் சொந்தக்காரர் சந்தைவெளிக்குப் போய், நாளுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசி ஆட்களை அனுப்புகிறார். ஒன்பது மணிக்கும், உச்சிப்பொழுதிலும், மூன்று மணிக்கும் மறுபடி போகிறார். நியாயமானதைத் தருவதாகச் சொல்லி இன்னும் சிலரைக் கூட்டி வருகிறார். ஐந்து மணிக்குப் போனால் அப்போதும் சிலர் நிற்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் கூலி கொடுக்கப்படுகிறது. ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் ஒரு தெனாரியம், நாள் முழுக்க வெயிலில் வெந்தவனுக்கும் அதே தெனாரியம். இது நீதியா?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லிவிடும் பழக்கம் திருச்சபையில் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் இரேனியுசு அந்த ஐந்து வேளைகளை உலக வரலாற்றின் காலகட்டங்களாகக் கண்டார். அவருக்குப் பின் ஓரிகன் அவற்றை மனித வாழ்வின் பருவங்களாகவும் வாசித்தார்: சிறுவயதில் கடவுளிடம் வந்தவர், நடுவயதில் வந்தவர், சாகும் தறுவாயில் வந்தவர். கிரிசோஸ்தோம் பெயரில் வழங்கும் உயிர்ப்புப் பெருவிழா உரை, முதல் மணி நேரத்தில் வந்தவரையும் கடைசி மணி நேரத்தில் வந்தவரையும் ஒரே விருந்துக்கு அழைக்கிறது. கீழைச் சபைகளில் இன்றும் உயிர்ப்பு இரவில் அது வாசிக்கப்படுகிறது. அழகான வாசிப்புகள்தான். ஆனால் கூலி என்பது மோட்சம் என்று சொல்லிவிட்ட மறுகணமே முணுமுணுத்த வேலையாட்கள் காணாமல் போகிறார்கள். மோட்சத்தைப் பங்கிட்டால் யாருக்கும் குறையப் போவதில்லையே, எதற்காக முணுமுணுக்க வேண்டும்? உவமையோ அந்த முணுமுணுப்பை நம் காதில் விழ வைப்பதற்காகவே கட்டப்பட்டிருக்கிறது.

அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கூலி கொடுத்த வரிசையில் பார்க்கலாம். கடைசியில் வந்தவர்களிடமிருந்து தொடங்கு என்று சொந்தக்காரர் தம் மேற்பார்வையாளரிடம் சொல்கிறார். இந்த ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் கதையே இல்லை. முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசிய காசை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். பின்னால் நின்றவனுக்கு என்ன கிடைத்தது என்பதே தெரிந்திருக்காது. இங்கே அவர்கள் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்கப் பார்க்க மனத்துக்குள் ஒரு கணக்கு ஏறுகிறது. அவனுக்கே ஒன்று என்றால் நமக்கு எத்தனை? கடைசியில் கைக்கு வந்ததும் ஒன்றுதான். பேசியதில் ஒரு காசு குறையவில்லை, ஆனாலும் வயிறு எரிகிறது. அவர்கள் சொல்லும் புகாரைக் கவனிக்க வேண்டும். எங்களுக்குக் குறைத்துவிட்டீர் என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்பதே அவர்களுடைய குறை.

அந்தப் புகாரை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. உழைப்புக்கேற்ற ஊதியம் என்பது ஏழையின் கைக்கு எட்டிய ஒரே நீதி. அதிகமாக உழைத்தவனுக்கும் குறைவாக உழைத்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கும் முதலாளியை எந்த ஊரிலும் நல்லவன் என்று சொல்ல மாட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் யார் போய்ச் சந்தைவெளியில் நிற்பார்கள்? எல்லோரும் ஐந்து மணிக்கே வருவார்கள். இந்த எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது.

எதிர்த் தட்டில் வைக்க உவமை தருவது ஒரே ஒரு பதில். ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று அந்த ஐந்து மணி ஆட்கள் சொன்ன பதில் அது. அவர்கள் தூங்கி எழுந்து தாமதமாக வந்தவர்கள் என்று கதை சொல்லவில்லை. தினக்கூலிச் சந்தையில் யாரை முதலில் பொறுக்கிக்கொள்வார்கள், யாரை விட்டுவிடுவார்கள் என்பது தெரிந்ததுதான். வயதானவன், நோஞ்சான், கை முடங்கியவன், ஊருக்குப் புதியவன் மாலைவரை நிற்பான். வெயிலில் வேலை செய்வது துன்பம். வேலை கிடைக்குமா என்று வெயிலிலேயே நிற்பதும் துன்பம்தான். தெனாரியம் என்பது ஒரு குடும்பம் ஒரு நாளைத் தள்ளப் போதுமான காசு. பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும்; அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஏழைக் கூலியாளின் ஊதியத்தைச் சூரியன் மறையும் முன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமச் சட்டம். அவன் அதை நம்பித்தான் உயிர் வாழ்கிறான் என்பதே அந்தச் சட்டம் காட்டும் காரணம். கூலியை உழைப்பின் அளவோடு மட்டுமல்லாமல் உழைப்பவனின் பசியோடும் சேர்த்துப் பார்க்கும் மரபு இயேசுவுக்கு முன்பே அந்த மண்ணில் இருந்தது.

யூத மரபு நூலான எருசலேம் தல்மூத்தில் இதே சாயலில் ஒரு கதை உண்டு. இளம் வயதில் இறந்த ஓர் அறிஞருக்காக ரபி செய்ரா சொன்ன இரங்கல் உரை அது. ஓர் அரசன் வேலையாட்களை அமர்த்தினான். அவர்களில் ஒருவனின் திறமையைக் கண்டு அவனை அழைத்துக்கொண்டு உலாவினான். மாலையில் அவனுக்கும் முழுக் கூலி கொடுத்தான். மற்றவர்கள் முணுமுணுத்தபோது, நீங்கள் நாளெல்லாம் செய்ததைவிட இவன் இரண்டு மணி நேரத்தில் அதிகம் செய்தான் என்றான். அங்கே கணக்கு நேராகிவிடுகிறது, துயரத்தில் இருந்தவர்களுக்கு அந்த ஆறுதல் தேவையாகவும் இருந்தது. இயேசுவின் கதையில் ஐந்து மணி ஆளுக்கு எந்தத் திறமையும் சொல்லப்படவில்லை. அவன் நன்றாக வேலை செய்தானா என்பதுகூடத் தெரியாது. தகுதி என்ற ஊன்றுகோலைக் கேட்பவர் கையிலிருந்து கதை எடுத்துவிடுகிறது.

யார் கேட்டார்கள் என்பது இங்கே முக்கியம். முந்திய அதிகாரத்தில், செல்வந்தனான ஓர் இளைஞன் தன் சொத்தை விட மனமில்லாமல் வருத்தத்தோடு போய்விடுகிறான். உடனே பேதுரு, நாங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். அது முதலில் வந்தவனின் கேள்வி. இயேசு அதற்கு நல்ல பதிலே சொல்கிறார், கைம்மாறு உண்டு என்கிறார். அத்தோடு, முதலானவர்கள் கடைசியாவதையும் கடைசியானவர்கள் முதலாவதையும் பற்றிய சொல்லைச் சேர்த்துவிட்டு இந்தக் கதையைத் தொடங்குகிறார். கதை முடிந்ததும் அதே சொல் வரிசை மாறி மறுபடி வருகிறது. இந்தச் சொல் மாற்குவிலும் உண்டு. லூக்காவில் அது இடுக்கமான வாசலைப் பற்றிய பேச்சில் வருகிறது. தனியாக எடுத்தால் அதை யாரும் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். தோற்றவன் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்வான், மேலே இருப்பவனும் பணிவின் அடையாளமாகச் சொல்லிக்கொள்வான். உவமைக்குள் வந்ததும் அந்தச் சொல்லுக்கு ஒரு வரிசை கிடைக்கிறது, வரிசையில் நிற்பவர்களுக்கு முகம் கிடைக்கிறது, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது. அப்படியும் பாடம் உடனே உறைக்கவில்லை. அதே அதிகாரத்திலேயே செபதேயுவின் மனைவி வந்து, தன் மக்கள் இருவருக்கும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறாள்.

இந்த உவமையைக் கையாளுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. என் பொருளை என் விருப்பப்படி செய்ய எனக்கு உரிமை இல்லையா என்று சொந்தக்காரர் கேட்கிறார். அந்தக் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு கூலி கேட்டவனின் வாயை அடைக்க முடியும். வில்லியம் ஹெர்சாக் என்ற அமெரிக்க அறிஞர் 1994இல் வெளியிட்ட நூலில், இந்தச் சொந்தக்காரரை ஏழைகளை மோதவிட்டு ஆளும் நிலக்கிழாராகவே வாசித்தார். அந்த வாசிப்பை முழுதாக ஏற்க முடியாது. மாலை ஐந்து மணிக்கு ஆள் தேடிப் போகிறவர் லாபத்துக்காகப் போகவில்லை. ஆனால் ஹெர்சாகின் எச்சரிக்கை சரி. முதலாளி தொழிலாளியிடம் சொல்லும் கதையாக இது மாறினால் கெட்டுப் போகும். இருபது ஆண்டு வேலை பார்த்த பள்ளி ஆசிரியையோ கோயில் பணியாளரோ சம்பளம் உயர்த்தக் கேட்கும்போது இந்த உவமையை எடுத்துக் காட்டுவது பாவம். பேதுருவிடம் சொல்லப்பட்டதுபோல, தம்மை முதல்வரிசையில் வைத்துக்கொள்பவரிடம் சொன்னால்தான் இது நேர்மையான உவமை.

கதையைக் காசாக மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ஜான் ரஸ்கின் 1860இல் கார்ன்ஹில் இதழில் எழுதிய கட்டுரைகள் வாசகர்களின் எதிர்ப்பால் நான்கோடு நிறுத்தப்பட்டன. 1862இல் அவை நூலானபோது, ஐந்து மணி ஆளைக் குறித்துச் சொந்தக்காரர் சொன்ன வார்த்தைகளே தலைப்பாயின. தொழிலுக்கு நிலையான கூலி வேண்டும் என்றார் ரஸ்கின். ஆனால் நல்ல வேலைக்காரனுக்கு வேலை கொடுத்து, மோசமான வேலைக்காரனை விட்டுவிடலாம் என்றும் அதே நூலில் எழுதினார். வேலை இல்லாதவர்களை அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்னுரையில் சொல்லியிருந்தாலும், ஐந்து மணி ஆள் அவருடைய சந்தையில் நின்றுகொண்டேதான் இருக்கிறான்.

நண்பர் ஹென்றி போலக் கொடுத்த அந்த நூலை 1904இல் ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி கீழே வைக்க மனமில்லாமல் படித்தார். தமிழிலும் வெளிவந்துகொண்டிருந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் அச்சகத்தை ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றினார். நிறம், நாடு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் மாதம் 3 பவுண்டு என்று முடிவாயிற்று. இந்தத் திட்டத்தில் சேர முடியாதவர்கள் பழைய சம்பளத்தையே வாங்கிக்கொள்ளலாம் என்றும் அவர் ஏற்பாடு செய்தார். உவமையை அவர் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார். பேசிய கூலியை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை, சமமாகும்படி யாரையும் கட்டாயப்படுத்தவுமில்லை. முதலில் வந்தவர்களுக்கு அநீதி இழைக்காமல் கடைசியில் வந்தவர்களைச் சமமாக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

தமிழ்நாட்டுச் சபைகளில் இந்த உவமை வேறொரு இடத்தில் பரீட்சைக்கு வந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆலயத்தில் தனி இடம் கூடாது, நற்கருணையில் தனி வரிசை கூடாது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். ஆணை போட்டவரிடமும் குறை உண்டு. அவர் ஆளும் நாட்டைச் சேர்ந்தவர், இங்கிலாந்திலேயே அந்நாளில் ஆலய இருக்கைகள் கட்டணத்துக்கு விடப்பட்டன. இருந்தாலும் வெளியேறியவர்களுக்கு நற்கருணையில் எதுவும் குறைக்கப்படவில்லை. அவர்களுக்கான அப்பமும் ரசமும் அப்படியேதான் இருந்தன. தாங்கள் தாழ்ந்த சாதியாராகக் கருதியவர்களும் அதே வரிசையில் நின்று அதே கிண்ணத்தில் குடிப்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

திராட்சைத் தோட்டத்தில் முதலில் வந்தவர்கள் சொன்ன புகாரும் இதுதான். அது தவறு என்று துணிந்து சொல்லலாம். உழைப்புக்கேற்ற கூலி கேட்பது நீதி. தனக்குரியது முழுதும் கைக்கு வந்த பிறகு, அடுத்தவனுக்கு எட்டாமல் இருந்தால்தான் தனக்கு மதிப்பு என்று கேட்பது நீதி ஆகாது. தமிழகக் கத்தோலிக்க ஆலயங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 25ஆம் ஞாயிறன்று இந்த உவமை வாசிக்கப்படுகிறது. தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் எழுப்பி வைத்திருக்கும் பங்குகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பங்குகளின் பெரியவர்கள் அடுத்த முறை இது வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கு முன் அந்தச் சுவரை இடித்துவிட வேண்டும்.